கண்காரர் வளவும் ஆயிரத்து இருநூறு மரமும்

சிற்றம்பலம் எனக்கு மச்சான் முறை. என் சின்னம்மாவின் இரண்டாவது மகள் குமுதினியைத்தான் கட்டியிருக்கிறார். ஜெர்மனியில், ஹம் நகரத்தில், எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பேக்கரியும் ஒரு பல் வைத்தியரும்தான். அந்த உரித்தில் சொல்கிறேன், நத்தார் மரத்துக்கு, அதுதான் கிறிஸ்மஸ் மரத்துக்கு, கண்ணூறு திருஷ்டி பார்க்கிற சைவக்காரன் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் இருக்க வேண்டும்.

நத்தார் மரம்தான் அவருக்குச் சோறு போடுகிறது. ஸவர்லாண்ட் மலைப்பக்கம் பிரிங்க்மன் என்ற கிழவருக்கு ஒரு தோட்டம். சரிவு முழுக்க நத்தார் மரம், வரிசை வரிசையாய். சிற்றம்பலம் விடிய முதல் றெயின் எடுத்து, இடையில் ஒன்று மாறி, மெஷெடே ஸ்டேசனில் இறங்கினால் கிழவர் காரோடு நிற்பார். அவர் சிற்றம்பலத்தை "சித்தி" என்று கூப்பிடுவார். முழுப் பெயர் வாயில் நுழையவில்லை. மச்சானும் இருபது வருசமாய் அந்தாளுக்குத் தாயின் தங்கச்சியாய் இருந்து "யா, ஷெஃப்", அதாவது ஓம் முதலாளி, என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சரிவில் நிற்பது நோர்ட்மான் என்ற சாதி மரம். ஊசியிலைதான், ஆனால் குத்தாது, கெதியில் கொட்டாது. விதை வருவது ஜோர்ஜியாவிலிருந்து. அங்கே மலைக்காட்டில் ஆட்கள் உச்சிவரை ஏறிக் காய் பறிக்கிறார்களாம். நாற்றுப் போடுவது டென்மார்க்கில். வளருவது ஜெர்மனியில், ஆளுயரம் தாண்ட எட்டுப் பத்து வருசம் எடுக்கும். பிறகு லொறி ஏறிப் பிரான்சுக்கோ சுவிசுக்கோ போகும். ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் முகாமில் இருந்து, மூன்றாவது நாட்டில் வளர்ந்து, நாலாவது நாட்டில் சோடிச்சுக்கொண்டு நிற்கிற சீவன். எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் மரத்துக்குக் கடதாசி ஒரு கிழமையில் சரிவரும். சிற்றம்பலத்துக்குப் பதினொரு வருசம் எடுத்தது.

எண்பத்தைந்தில் கிழக்கு பேர்லினில் வந்து இறங்கினவர். முதல் வேலை பிற்சாக் கடை ஒன்றின் நிலவறையில் கோப்பை கழுவல். அடுத்தது இறைச்சி ஃபப்றிக்கில், தொழிற்சாலையில், குளிரறை. எல்லாம் சேர்த்துப் பதினாறு வருசம் ஜன்னல் இல்லாத இடத்தில். "வெளியில மழையோ வெயிலோ எண்டு உள்ள வாற ஆக்களின்ர சப்பாத்தைப் பார்த்துத்தான் அறியிறது" என்பார். கடைசியில் இளைப்பு வந்தது. படி ஏறினால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரிச் சத்தம். வைத்தியர், இனிக் குளிரறைக்குள் கால் வைக்காதே என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

கூட வேலை செய்த போலந்துக்காரன் ஒருவன், கார்த்திகை மாதம் மரம் வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கூட்டிப்போனான். முதல் நாள் மற்றவர்கள் ஆளுக்கு நாற்பது மரம் விழுத்தி இருக்க, மச்சான் விழுத்தியது ஒன்பது. ஒவ்வொரு மரத்தையும் தொட்டுக் கும்பிட்டு, "கோவிக்காதை" என்று சொல்லிவிட்டுத்தான் அறுக்கிற வாளை வைத்தாராம். பிரிங்க்மன் வந்து பார்த்தார். இந்த ஆள் என்ன செய்கிறான் என்று கேட்டார். மரத்தோடு கதைக்கிறான் என்றான் போலந்துக்காரன். கிழவர் வாளைப் பறித்தார். சரி, வீட்டுக்கு அனுப்பப் போகிறார் என்று மச்சான் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு நிற்க, கிழவர் கையில் ஒரு பெரிய கத்தரிக்கோலைக் கொடுத்தார்.

அன்றைக்குத் தொடங்கியது. ஆடி மாதம் மரத்தைச் சுற்றிக் கொப்புக் கத்தரித்து, கோபுரம் மாதிரி உருவெடுக்க வைப்பது. புரட்டாசியில் எது முதலாம் தரம், எது இரண்டாம் தரம் என்று பார்த்து நிறத் துண்டு கட்டுவது. கார்த்திகையில் வெட்டின மரத்தைக் குழாய் மாதிரி ஒரு யந்திரத்துக்குள்ளால் இழுத்து வலை போடுவது. எல்லாம் வெளியில்தான். இளைப்பு தானாய் நின்றது.

இனிக் கண்ணூறுக்கு வருவோம்.

பல வருசத்துக்கு முன்னம், ஒரு சித்திரை மாதம், ஒல்லாந்துக்காரர் ஒருவர் மரம் பார்க்க வந்தார். வந்த மனிதர் சும்மா பார்க்கவில்லை. சரிவின் அடியில் நின்று "ஆகா" என்றார், நடுவில் நின்று "ஆகா" என்றார், எல்லாமாய் ஐந்து தரம். ஐந்தாவது நாள் கடும் பனி விழுந்து இளந்துளிர் அத்தனையும் தீய்ந்தது மாதிரிக் கறுத்துப் போனது. பிரிங்க்மன் காலநிலை என்றார். மச்சான் ஆகாவை எண்ணி வைத்திருந்தார்.

அந்த ஆடியிலிருந்து, முதலாம் தர மரம் ஒவ்வொன்றிலும் நெஞ்சளவு உயரத்தில், மேல்பக்கம் பார்த்து, ஒரு கொப்பைக் கத்தரிக்காமல் கோணலாய் விட்டுவிடுவார். பச்சைப்பிள்ளையின் கன்னத்தில் கறுத்தப்பொட்டு வைப்பது மாதிரி. அழகில் ஒரு குறை இருந்தால் கண் அதில் முட்டி நின்றுவிடும். வலை போடுகிற நேரம் சத்தமில்லாமல் நறுக்கி எறிந்துவிடுவார். பிரிங்க்மன் ஒருக்கால் கேட்டதற்கு, உச்சிக் குருத்தில் குருவி இருந்து முறிக்காமல் இதில் வந்து இருக்கட்டும், ஷெஃப், என்றார். கிழவர் யோசித்துத் தலையாட்டினார். மச்சானுக்குத் தமிழில் பொய் வராது. ஜெர்மனில் நல்லாய் வரும்.

வீட்டுக்கு மட்டும் வருசா வருசம் ஒரு நொண்டி மரம் கொண்டுவருவார். ஒரு பக்கம் கொப்பே இராது. மகள் மிதுசா கிண்டர்கார்டன் போன காலத்தில் மரம் வேண்டும் என்று அழுதாள். அந்த வருசம் தொடங்கின பழக்கம். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நிற்கும்.

"ஊருக்கெல்லாம் கோபுரம் மாதிரி அனுப்புறார், எனக்கு வாறது மட்டும் தட்டிவான் பஸ் அடிச்ச மரம்" என்பாள் குமுதினி.

"வடிவான மரத்தை வைச்சால் வாற சனத்தின்ர கண் எங்க விழும்? இதைப் பார்த்திட்டுப் பாவம் எண்டு போவினம்" என்பார் அவர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சீவியத்தில் போன வருசம் வெடி விழுந்தது. டென்மார்க் மரம் மலிவாய் வந்து குவிகிறது. பிரிங்க்மனுக்கு முழங்கால் இரண்டும் மடங்காது. மகன் ஹம்பேர்க்கில் கொம்பியூட்டரோடு இருக்கிறான், அவனுக்கு மரமும் ஒன்றுதான் மின்கம்பமும் ஒன்றுதான். மேல் சரிவைச் சூரியத் தகடு போடுகிற கொம்பனி ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சரிவில்தான் அந்த வருசம் வெட்டுக்கு வந்த ஆயிரத்து இருநூறு முதலாம் தர மரம். கிழவர் காருக்குள் வைத்துச் சொன்னார். மூன்று வருசத்துக்கு மரம் வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போடுகிற ஒரு ஆள் கிடைத்தால் நடத்துவேன், கிடைக்காவிட்டால் இந்த மார்கழியோடு முடிந்தது, சித்தி.

மச்சானுக்கு வயது அறுபத்து நாலு. றென்ற என்கிற ஓய்வூதியம் எடுக்க இன்னும் மூன்று வருசம். இடையில் வேலை போனால் ஜொப்சென்டர் என்கிற வேலை தேடித் தருகிற கந்தோர் எங்கே அனுப்பும் என்று ஹம்மில் உள்ள எல்லாருக்கும் தெரியும். பொதி கட்டுகிற ஃபப்றிக், ஜன்னல் இல்லை, ஐஸ் காற்று.

"திரும்ப அதுக்குள்ள போனனெண்டால் நடந்து வெளியில வரமாட்டன்" என்று குமுதினிக்குச் சொன்னார். அவள் எனக்குச் சொன்னாள்.

அந்தக் கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர். தேர் இருப்புக்கு வந்த பிறகு, வடை விற்கிற கொட்டிலடியில் மச்சான் ஒரு ஆளைச் சந்தித்தார். பரராசசிங்கம். சுவிசில் ஓல்டனில் பெரிய கடை. அரிசியும் உறைந்த மீனும் விற்கத் தொடங்கி, பிறகு மார்கழியில் கடை வாசலில் பத்து மரம் வைத்து, இப்போது அந்தப் பக்கத்துப் பெற்றோல் நிலையங்களுக்கும் பூக்கடைகளுக்கும் மரம் இறக்கிக் கொடுக்கிற ஆள்.

"போன வருசம் டென்மார்க்கில எடுத்தது பாதி மஞ்சள் அடிச்சுப் போச்சு, அண்ணை. சனம் திருப்பிக் கொண்டுவந்து வாசலில எறிஞ்சுபோட்டுப் போகுது."

"எங்கட சரிவை ஒருக்கால் வந்து பாருங்கோவன், தம்பி."

"பார்க்கிறன்" என்றார் பரராசசிங்கம்.

குமுதினியின் கையில் இருந்த வடை அப்படியே நின்றது.

ஏனென்று நான்தான் சொல்ல வேண்டும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பரராசசிங்கமும் எங்களைப் போல யாழ்ப்பாணத்துக் கரவெட்டிதான். அவருடைய தகப்பனுக்கு ஒரு தமக்கை, தில்லைப்பிள்ளை. மனிசி நல்ல மனிசி, கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டா. பார்க்க மட்டும்தான் கூடாது. குமுதினியின் பெரியப்பா வீட்டுப் பசுவை வேலிக்கு மேலால் பார்த்து "உந்த மடியைப் பாரடி" என்றா, அன்று பின்னேரம் பால் நின்றது. அதே வளவுப் பலாவைப் பார்த்தா, மூன்று பழம் விழுந்தது. கலியாண வீட்டில் அவ வருகிறா என்றால் பொம்பிளையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிவிடுவார்கள். அந்தக் குடும்பத்துக்கே கண்காரர் வளவு என்று பெயர். பரராசசிங்கம் பாஸ்போட்டை மாற்றினார், மீசையை மாற்றினார், அந்தப் பெயர் மட்டும் விசா இல்லாமல் பின்னாலேயே போய்விட்டது.

காரில் ஏறினவுடன் குமுதினி தொடங்கினாள்.

"உங்களுக்கென்ன விசரே? கண்காரர் வளவு ஆளைப் பிடிச்சு மரத்தைப் பாருங்கோ எண்டுறியள்."

"வாங்கிறதெண்டால் பார்க்கத்தானே வேணும்."

"அப்ப ஒரு கொப்புக் காணாது. ரெண்டு விடுங்கோ."

மச்சானும் சரி என்றார். ஆடியில் கத்தரிக்கிற நேரம், முன்வரிசை நாலிலும் மரத்துக்கு இரண்டு கோணல் கொப்பு விட்டார். பழசு ஒன்று, புதுசு ஒன்று. முன்னுக்கு நிற்கிற மரத்தில்தானே கண் முதலில் விழும். அவருடைய கணக்கு அது.

புரட்டாசியில் டெர்மின் என்று நாளும் நேரமும் குறித்து, பரராசசிங்கம் வந்தார். பளபளவென்று தோல் சப்பாத்து. பிரிங்க்மன் முன்னால், கையில் நீல நிறத் துண்டுச் சுருள். வாங்குகிறவர் தனக்குப் பிடித்த மரத்தில் தன் நிறத்தைக் கட்டிவிட்டுப் போவார், கார்த்திகையில் அந்த மரம்தான் லொறி ஏறும். அதுதான் அங்கத்தைய வழக்கம்.

பரராசசிங்கம் முதல் மரத்தின் முன்னால் நின்றார். புகழ வாய் திறந்தார், மூடினார். இரண்டாவதுக்குப் போனார். மூன்றாவதுக்குப் போனார். திரும்பி முதல் மரத்துக்கு வந்து, கோணல் கொப்பை விரலால் தொட்டார்.

"அண்ணை."

"ஓம், தம்பி."

"இது ஆருக்கு வைச்ச பொட்டு?"

இத்தனை வருசத்தில் எந்த ஜெர்மன்காரரும் கேட்காத கேள்வி. மச்சான் கத்தரிக்கோலைப் பார்த்தார்.

"பொதுவா வைக்கிறது, தம்பி. கன வருசமா வைக்கிறன்."

"சரி, இது ரெண்டு மூண்டு வருசக் கொப்பு. ஒப்புக்கொள்ளுறன். பக்கத்தில நிக்கிறது இந்த வருசத் துளிர். நான் தேருக்கு வந்த பிறகு விட்டது. இது ஆருக்கு?"

"குமுதினி சொன்னவ" என்றார் மச்சான். தமிழில் பொய் வராது என்று முன்னமே சொன்னேன்.

பரராசசிங்கத்தின் காது சிவந்தது. "முப்பத்தெட்டு வருசமா ஓல்டனில இருக்கிறன். மாமி செத்து இருபது வருசம். இன்னும் அந்தக் கதையோ?"

"அப்பிடியில்லைத் தம்பி…"

"அந்தப் பசு வயசு போன பசு."

"ஓம்."

"பலாப்பழம் பழுத்தால் விழத்தானே செய்யும்."

"ஓம், தம்பி. ஆனால் மூண்டும் ஒரே நாளில விழுந்தது."

பிரிங்க்மன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறார், சித்தி?"

"மரம் நல்லாய் இருக்கிறதாம், ஷெஃப்."

"ஏன் கோபமாய்ச் சொல்கிறார்?"

"சுவிஸ்காரர் அப்படித்தான்."

பரராசசிங்கத்துக்கு ஜெர்மன் மச்சானை விட நல்லாய்த் தெரியும். வாய் திறந்து ஒரு வசனம் சொன்னால் எல்லாம் முடிந்தது. ஆனால் தன் குடும்பத்துக்குக் கண்ணூறுப் பட்டம் இருக்கிறது, இந்த மனிசன் தன் கண்ணுக்குப் பயந்து கொப்பு விட்டிருக்கிறான் என்று எந்த மொழியில் போய்ச் சொல்வது? ஆகவே தமிழிலேயே முடித்தார்.

"நான் டென்மார்க்கிலயே எடுக்கிறன், அண்ணை. அங்க ஒருத்தரும் என்ர ஆச்சி பூட்டியை விசாரிக்கிறேல்லை."

காரடிக்குத் திரும்பினார். அந்தத் தோல் சப்பாத்துச் சேற்றில் புதைந்து புதைந்து போவதை மச்சான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எனக்குச் சொன்னார், அந்த நேரம் அவருக்கு மரம் ஒன்றும் தெரியவில்லையாம், குளிரறைக் கதவின் இரும்புக் கைபிடிதான் கண்ணுக்குள் நின்றதாம்.

"தம்பி, நில்லுங்கோ. உங்களுக்குப் பொட்டுத்தானே பிடிக்கேல்லை."

முதல் மரத்தின் இரண்டு கொப்பையும் நறுக் நறுக்கென்று வெட்டினார். மரம் பழுதில்லாமல், ஒரு பக்கமும் கூடிக் குறையாமல் நின்றது. காலை வெயில் நேரே அதில் விழுந்தது.

"இந்தா, இதில இனி ஒண்டும் இல்லை. வடிவாப் பாருங்கோ. ஆயிரத்து இருநூறையும் இப்பிடியே வெட்டித் தாறன், நீங்கள் நிண்டு பாருங்கோ."

மச்சான் இதைத் தந்திரத்துக்குச் சொல்லவில்லை, அவருக்குத் தந்திரம் தெரியாது. உண்மையாகவே இரண்டாவது மரத்தில் கத்தரிக்கோலை வைத்துவிட்டார். ஆனால் பரராசசிங்கம் திரும்பிப் பார்த்த மனிதர், பார்த்த வேகத்தில் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிவிட்டார். பள்ளத்தாக்கைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார்.

அவரும் கரவெட்டிதானே. பொட்டில்லாத மரத்தைத் தான் நின்று பார்த்து, கார்த்திகைக்குள் பனியோ பூச்சியோ ஏதாவது வந்தால்? ஓல்டன் தொடங்கி கனடாவில் ஸ்காபரோ வரைக்கும் போன் அடிபடும். கண்காரர் வளவு ஆயிரத்து இருநூறு மரத்தைப் பார்த்தது என்று. அதுவும் போக, வாங்கினால் அது அவருடைய சாமான். தன்னுடைய சாமானைத் தானே பார்த்துக் கெடுத்தவன் என்று ஆகிவிடும். மாமிக்குக் கூட அந்தப் பெயர் வரவில்லை.

"விடுங்கோ, அண்ணை" என்றார், தலை நிமிராமல். "வெட்டாதேங்கோ."

"இல்லைத் தம்பி, உங்களுக்கு மனவருத்தமெண்டால்…"

"வெட்டாதேங்கோ எண்டுறன். லொறியில ஏத்தேக்க வெட்டலாம். துண்டை நீங்களே கட்டுங்கோ. உங்கட கண் நல்ல கண்."

இப்படித்தான் மரம் வாங்க வந்த மனிதர், மரத்தைப் பாராமல், கீழே குனிந்தபடி, அந்தச் சரிவு முழுவதும் நடந்தார். மச்சான் நீலத் துண்டு கட்டக் கட்ட, இவர் பின்னால் சேற்றைப் பார்த்துக்கொண்டே "ஓம்… ஓம்…" என்று வந்தார். பிரிங்க்மனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாற்பது வருசத்தில் இவ்வளவு நம்பிக்கையான வாடிக்கையாளரைக் கண்டதில்லை என்று சொல்லி, வீட்டுக்குக் கூட்டிப்போய் மனைவி செய்த பிளம் கேக் கொடுத்தார். மேசையில் வைத்து மூன்று வருசத்துக்குக் கையெழுத்தானது. கேக் எப்படி என்று கிழவி கேட்டதற்கு, பரராசசிங்கம் கேக் தட்டைப் பார்க்காமல் "பரவாயில்லை" என்றாராம். அந்த மனிசிக்கு இன்றைக்கும் அது மனக்குறை.

முதல் மரம் ஒன்றுதான் பிரச்சினை. அது பொட்டில்லாமல் இரண்டு மாதம் வெளியில் நிற்க வேண்டுமே.

"அதை என்ர வீட்டுக்கு எடுக்கிறன்" என்றார் பரராசசிங்கம், காரில் ஏறுகிற நேரம், கொஞ்சம் வீறாப்பாய். "பார்ப்பம், என்ன நடக்குதெண்டு."

கார்த்திகையில் எல்லாம் ஒழுங்காய் நடந்தது. யந்திர வாயில் நின்று மச்சான் ஒவ்வொரு கொப்பாய் நறுக்கினார், வலை போட்டார்கள், லொறி எல்லை தாண்டிப் போனது. சுவிசில் ஒரு மரமும் திரும்பி வரவில்லை. சூரியத் தகட்டுக் கொம்பனி வேறு மலை பார்க்கப் போய்விட்டது.

நத்தார் கழிந்து இரண்டாம் நாள் போன் வந்தது. குமுதினி பக்கத்தில் நின்று கேட்டவள்.

"அண்ணை, தனியவோ நிக்கிறியள்?"

"ஓம் தம்பி, சொல்லுங்கோ" என்றார் மச்சான். குமுதினியின் காது ரெலிபோனோடு ஒட்டியிருந்தது. அது பொய் இல்லையாம், மனிசியையும் தன்னையும் ஒரு ஆளாய்த்தான் எண்ணுகிறாராம்.

"வீட்டுக்குக் கொண்டு வந்த மரம்… முழுக்கக் கொட்டிப் போச்சு. ஈர்க்கு மாதிரி நிக்குது. மனிசி வாக்கியூமோட மூண்டு நாளாத் திரியுது."

"எங்க வைச்சனியள்?"

"ஹீற்றருக்குப் பக்கத்தில."

"தண்ணி விட்டனியளோ?"

"மரத்துக்கு ஆர் அண்ணை தண்ணி விடுறது, வெட்டின மரத்துக்கு?"

"அப்ப அதுதான் தம்பி. வேற ஒண்டும் இல்லை."

பரராசசிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறியளோ, அண்ணை?"

"ஓம். ஹீற்றர்தான்." இதைத் தமிழில் சொன்னார் என்றபடியால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"நான் ஆருக்குச் சொல்லப் போறன்?" என்றார் மச்சான். அவர் சொல்லவும் இல்லை. குமுதினி எனக்குச் சொன்னது அன்று பின்னேரம்தான், பேக்கரி வாசலில்.

"இன்னொண்டு, அண்ணை. வாற வருசம் என்ர வீட்டுக்கு நல்ல மரம் வேண்டாம். குமுதினியக்கா வீட்டில ஒரு நொண்டி மரம் வைக்கிறவ எண்டு கேள்வி. அப்பிடி ஒண்டு பார்த்து வையுங்கோ."

மச்சான் பதில் சொல்ல முதல் குமுதினி போனைப் பறித்தாள்.

"தம்பி, சுகமா இருக்கிறியளோ? நொண்டி மரம் அந்தச் சரிவில வருசத்துக்கு ஒண்டுதான் வரும். அது எங்கட."